பென்னிகுவிக்கும் அவருடைய தொழிலாளரும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலையடிவாரத்திலுள்ள கூடலூரில் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பெயரை அறியாதார் இல்லை. தை மாதம் பிறந்ததும் அவ்வட்டாரத்துக் குடியானவர்கள் அவர் பெயரால் பொங்கலிட்டு வணங்குகின்றனர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஜனங்கள், அவ்வாட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவரை இவ்வாறு போற்றுவது விந்தையாகத் தோன்றலாம். நன்றி மறவாமை தமிழர் பண்பு என்பதற்கு இது அத்தாட்சி. வேலையற்ற ஏழைக்கு வேலை அளிப்பது சர்க்காரின் கடமையா, தர்மமா என்ற விவாதம் இன்னும் ஓயாத நிலையில், இவருடைய சரிதையை அந்நோக்கில் ஆராய்வது பயனுள்ளதென நாம் கருதுகிறோம்.

பென்னிகுவிக் 1841ஆம் வருஷம் ஜனவரி 15ந் தேதி புனாவில் பிறந்தார். எட்டு வயது நிரம்பும் தறுவாயில், 1849இல், சீக்கியருடன் நடந்த சில்லியன்வாலா யுத்தத்தில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். இங்கிலாந்தில் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் பயின்று, சென்னை எஞ்சினீயர் படையில் சேர்ந்து, மராமத்து இலாகாவில் நீர்ப்பாசன வேலைகளில் ஈடுபட்டார்.

மேற்கே வீணாகக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கும் யோசனை அவருடையதன்று. 1789ஆம் வருஷத்திலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்தார். 1808இல் காப்டன் கால்டுவெல் அது கைகூடாதென்று அறிக்கை கொடுத்தார். 1850இல் சிறு அளவில் தொடங்கிய வேலையும் நின்றுபோயிற்று. நோய் மிகுந்த அக்காட்டில் உழைப்பதற்குத் தொழிலாளர் கூடுதல் கூலி கேட்டனர். அந்த வேண்டுகோள் தீராமல் வேலை கைவிடப்பட்டது. தொழிலாளியின் கூலியும் சுகாதாரமும் கவனிக்கப்படாவிடில், எவ்வளவு சிறந்த திட்டமும் காகிதத்திலேயே நின்றுவிடும் என்பதற்கு இது முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தைத் தாது வருஷப் பஞ்சம் கற்பித்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்கு, ஸர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே போதுமெனக் கூலியைக் குறைத்தார். சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். வேலை கொடுத்தும் மனிதனைப் பட்டினியில் வைக்கலாம் என்பதை உலகம் அப்போது கண்டது. 1880இல் பஞ்சக் கமிஷன், உழைக்கச் சக்தியுள்ளோருக்கு வேலையும், சக்தியற்றோருக்கு இலவச உதவியும் அளிப்பது சர்க்காரின் கடமை என்று வகுத்தது. பஞ்சங்களைத் தடுக்க நீர்ப்பாசனமே வழி என்ற கருத்தும் வலுத்தது.

இந்நிலையில்தான், 1882இல், பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29ந் தேதி திருவாங்கூர் சமஸ்தானத்துடன் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழும்பிய அணை அது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் வெட்டப்பட்டது. வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துச் சென்றது. காடு காய்ச்சலைப் பரப்பியது. சென்னைப் பயனீர் படையினர், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள், தமிழ்நாட்டுக் கூலியாட்கள் முதலியோர் அங்கே உழைத்தனர். நோயால் மட்டும் 483 பேர் மாண்டதாகக் கணக்கு. அணைக்கருகிலேயே அவர்களுடைய இடுகாடு இருக்கிறது.

1895 அக்டோபர் 10ந் தேதி கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். பென்னிகுவிக் மறு வருஷம் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9ந் தேதி காலமானார். தமது சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஜனங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. அக்கதை இல்லாமலே அவருடைய பெருமை நிலைபெறும். தோல்விக்கு மேல் தோல்வி வந்தபோதும் மனந்தளராத அவருடைய உறுதிக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்களே சாட்சி.

அந்த வயல்களையே வேலைவாய்ப்பு நிபுணர்கள் கவனிக்க வேண்டுமென்கிறோம். குழியை வெட்டி மறுபடி மூடும் வேலை அன்றைய கூலியோடு முடிகிறது. பெரியாற்று அணை நாற்று நடவும் களை பறிக்கவும் அறுவடை செய்யவும் தலைமுறை தலைமுறையாக வேலை அளித்துவருகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் வேலை, பின்னும் வேலையைப் பிறப்பிக்க வேண்டும்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிர ராஜ்யம் 1977இல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005இல் பாரதப் பாராளுமன்றம் கிராமக் குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாள் வேலையைச் சட்டபூர்வமான உரிமையாக்கியது. டெம்பிளின் ராத்தல் கணக்கிலிருந்து இது நெடுந்தூர முன்னேற்றம். எனினும், உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் அடுப்பு எரியாது. கூலி உரிய நாளில் கைக்கு வர வேண்டும். குடிநீர், நிழல், மருந்து ஆகியவை வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளூரில் வேலை போதாமல், விடியுமுன்பே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களின் பிராணனுக்கும் கூலிக்கும் பாதுகாப்பு வேண்டும். அவர்களை விட்டுவிட்டு வேலைவாய்ப்புச் சீர்திருத்தம் பேசுவது வீண்.

கூடலூரை அடுத்த லோயர் காம்பில் பென்னிகுவிக்குக்குத் தமிழக சர்க்கார் 2013இல் மணிமண்டபம் திறந்தது. அது தகுந்த மரியாதையே. ஆயின் அவருக்குச் செலுத்தும் மரியாதை, அவருடன் உழைத்து மாண்ட 483 பேரையும் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். இனி எந்தப் பொது வேலையிலும் அத்தகைய சாவு நேராதவாறு காப்பதே, சர்க்காரும் பொது ஜனங்களும் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலியாகும்.