கதை சொல்லிக் கடலைக் காட்டியவர்

மாணவச் செல்வங்களே! கடற்கரைக்குப் போகும்போது, இந்தத் தண்ணீருக்கு அடியில் என்னதான் இருக்கும் என்று யோசித்ததுண்டா? அந்த ஆசையை உலகச் சிறுவர்களின் மனதில் விதைத்தவர் ஒரு விஞ்ஞானி அல்ல, கதாசிரியர். அவர்தான் ஜூல்ஸ் வெர்ன்.

பிரான்ஸ் நாட்டின் நாண்ட் என்ற துறைமுக நகரில், 1828 பிப்ரவரி 8-ல் பிறந்தார். வழக்கறிஞரான அப்பா, மகனும் தன் தொழிலுக்கே வரவேண்டும் என்று விரும்பினார். வெர்ன் சட்டம் படித்து முடித்தார். ஆனால், எழுத்துதான் தன் வழி என்று துணிந்துவிட்டார். நாடகங்கள் எழுதினார், வருமானம் போதவில்லை. பங்குச் சந்தையில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தினார். நூலகத்தில் அமர்ந்து அறிவியல் செய்திகளைப் படித்துக் குறிப்பெடுத்தார்.

1867-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியைப் பார்த்தார். அது அழுத்தப்பட்ட காற்றால் ஓடுவது. தன் கதையிலோ, மின்சாரத்தால் ஓடும் நீர்மூழ்கியைப் படைத்தார். கப்பலின் பெயர் நாட்டிலஸ். தலைவர் கேப்டன் நெமோ. 1869, 70-ம் ஆண்டுகளில் சிறுவர் படிக்கும் இதழில் அது தொடர்கதையாக வந்தது. தலைப்பில் உள்ள 20 ஆயிரம் 'லீக்' என்பது ஆழம் அல்ல, பயணத் தூரம். ஏறத்தாழ 80,000 கி.மீ.! பூமியை இரண்டு முறை சுற்றலாம். கதையோடு கதையாக மீன், பவளம், நீரோட்டம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்.

மன்னார் வளைகுடாவும் அதில் வருகிறது. முத்துக்குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறாமீனிடமிருந்து நெமோவும் உடன் வந்தவர்களும் காப்பாற்றுகிறார்கள். அந்த நெமோ யார் தெரியுமா? 1857 புரட்சியில் ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய இளவரசர்! இதை, 'மர்மத் தீவு' என்ற பிற்கால நாவலில் வெர்ன் வெளிப்படுத்தினார்.

கதை வீண் போகவில்லை. அதைச் சிறுவயதில் படித்த அமெரிக்கர் சைமன் லேக், பெரியவரானதும் உண்மையான நீர்மூழ்கியையே செய்தார். 1898-ல் அது கடலில் பயணம் செய்தபோது, முதியவரான வெர்ன் தந்தி அனுப்பி வாழ்த்தினார். 1905 மார்ச் 24-ல் மறைந்தார்.

அவருக்குப் பின்னும் கதை வாழ்ந்தது. 1954-ல் சினிமாவாக வந்தது. அதைப் பார்த்து மயங்கிய சிறுவன் ராபர்ட் பல்லார்ட், கடல் ஆய்வாளரானார். 1985-ல், மூழ்கிய டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்த குழுவை வழிநடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

நெமோவின் நாடான இந்தியாவும் ஆழ்கடலுக்குத் தயாராகிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்வதற்கான 'மத்ஸ்யா 6000' வாகனத்தை வடிவமைத்தது இந்தக் கழகமே. 2025 தொடக்கத்தில், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

செல்வங்களே, கதைப் புத்தகம் படிப்பதை வீண் வேலை என்று யாராவது சொன்னால், சைமன் லேக்கின் கதையைச் சொல்லுங்கள். படித்ததோடு நிறுத்தாமல், இது எப்படி நடக்கும் என்று கேளுங்கள். நாளை மத்ஸ்யா போன்ற வாகனத்தில் அமரப்போவது நீங்களாகவும் இருக்கலாம்!