பால் வாளியில் தொடங்கிய அதிகாரம்

புரட்சி வென்ற பிறகு அதிகாரம் யார் கைக்குப் போகிறது? இந்தக் கேள்வியை ஒரு பண்ணையின் கதையாக எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். அவரது 'விலங்குப் பண்ணை'யைப் படிக்கும் நம் மாணவர்கள் அவர் வாழ்க்கையையும் அறிந்துகொள்வது நல்லது.

இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய அரசின் அபினித் துறை அதிகாரி. குழந்தையாக இங்கிலாந்து சென்றவர், 1922இல் பர்மாவில் போலீஸ் அதிகாரியானார். அடக்குமுறையை ஆளும் கூட்டத்துக்குள் நின்றே பார்த்தார். அதில் தன் கையும் கறைபட்டதை உணர்ந்து 1927இல் வேலையை உதறினார். பாரிஸில் பாத்திரம் கழுவினார். லண்டனில் வீடற்றவர்களோடு தங்கினார்.

1936 டிசம்பரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட ஸ்பெயின் போனார். பார்சலோனாவில் தொழிலாளர்களின் கை ஓங்கியிருந்தது. அவர் சேர்ந்த படையில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே ஊதியம். சில மாதங்களில் போர்முனையிலிருந்து திரும்பியபோது, பணக்காரருக்கும் ஏழைக்குமான பழைய இடைவெளி ஊருக்குள் மறுபடியும் வந்திருந்தது. கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். ஆனால், எதிரியோடு போரிட்ட அவரது தோழர்களையே துரோகிகள் என்று சொல்லி, ஸ்டாலின் ஆதரவாளர்கள் சிறையில் தள்ளினார்கள். ஆர்வெல் மனைவியோடு தப்பினார்.

இந்த அனுபவமும் ரஷ்யப் புரட்சியின் கதியும் சேர்ந்தே அந்த நாவலானது. அப்போது சோவியத் நாடு பிரிட்டனின் போர்க்கால நண்பன். பல பதிப்பாளர்கள் மறுத்த பிறகு, 1945 ஆகஸ்டில் நூல் வெளிவந்தது.

கதையில் விலங்குகள் முதலாளியை விரட்டுகின்றன. அன்றே கறந்த பால் காணாமல் போகிறது. பிறகு ஆப்பிளும் பன்றிகளுக்கே என்றாகிறது. மூளை உழைப்புக்கு அது தேவை என்று காரணம் சொல்லப்படுகிறது. எதிர்த்துக் கேட்டால், பழைய முதலாளி திரும்பிவிடுவான் என்ற பயமுறுத்தல். சுவரில் எழுதிய சட்டங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்படுகின்றன. பெரும்பாலான விலங்குகளுக்குப் படிக்கத் தெரியாது. நினைவிருந்தவையும் தம் நினைவையே சந்தேகித்தன. நான்கு எழுத்துகளைத் தாண்டாத பாக்ஸர் என்ற குதிரை, இன்னும் உழைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியது. விழுந்த பிறகு அதை அடிமாட்டு வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள்.

காசநோயால் 1950 ஜனவரி 21இல், 46 வயதில் ஆர்வெல் இறந்தார். ஐந்து நாளில் நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்று அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்திருந்தார்.

ஆர்வெலின் கதை பகைவரைப் பற்றியது மட்டுமல்ல. நம்மவர் என்று நாம் நம்பி விட்டுவிட்டவர்களைப் பற்றியதும்தான். நம் சங்கத்தின் வரவு செலவு நோட்டையும் கிராம சபைத் தீர்மானத்தையும் நாமே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால், நம் மாணவர்கள் உரக்கப் படித்துக் காட்டட்டும்.