அரியலூர்க் கடலும் கல்கத்தா புயலும்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் மண்ணை வெட்டினால் கடல் சிப்பி கிடைக்கும். நத்தை போல் சுருண்ட கல்லும் கிடைக்கும். கடல் எங்கே, அரியலூர் எங்கே! ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை அடித்தது.

அந்தப் பழைய கடலை ஊர் ஊராக நடந்து பார்த்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. 1834-ல் லண்டனில் பிறந்தவர். 1855-ல் அண்ணன் வில்லியமுடன் இந்தியா வந்து, சர்க்காரின் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

அவருக்கு முன்பே இங்கு சிப்பி பொறுக்கிய வெள்ளைக்காரர்கள் உண்டு. எது பழைய அடுக்கு, எது புதிய அடுக்கு என்று பிரித்துக் காட்டியவர் பிளான்போர்டுதான். பாறைகளை மூன்று பிரிவாக்கி, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார். 1862-ல் இது நூலாக வந்தது. அந்தப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

வெளியில் அலைந்து அலைந்து உடம்பு கெட்டது. வேலையை விட்டார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார்.

எச்சரிக்கை இல்லாத புயல்

1864 அக்டோபர் 5-ந் தேதி கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. கடல் பொங்கி ஹூக்ளி ஆற்றில் ஏறியது. கரையோர ஊர்களில் சுமார் 50 ஆயிரம் பேர் மாண்டனர். புயல் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

புயல் வந்த வழியை ஆராய்ந்து, காஸ்ட்ரெல் என்ற ராணுவ அதிகாரியுடன் சேர்ந்து பிளான்போர்டு அறிக்கை எழுதினார். 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-ல் அவர் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலையில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்று 1884-ல் எழுதினார்.

கடலின் புல்

புயலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பிளான்போர்டு காலத்தில் தெரியாது.

கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்செடிகள் மிதக்கின்றன. ஆட்டுக்குப் புல் எப்படியோ, கடல் உயிர்களுக்கு அவை அப்படி. வெயில் மேலே இருக்கிறது. சத்து ஆழத்தில் இருக்கிறது. வங்கக் கடலில் கங்கை முதலிய ஆறுகளின் நன்னீர் மூடி போல மேலே கிடப்பதால், சத்து எளிதில் மேலே வராது. புயல் அந்த மூடியை உடைத்துக் கடலைக் கலக்குகிறது. வயலுக்கு எரு போட்டதுபோல், சில நாட்களில் செடிகள் பெருகுகின்றன. சத்து மிகும்போது உருவில் பெரிய இனங்கள் முந்திக்கொள்வதும் உண்டு. ஆனால் கரையோரம் சேறு கலங்கி வெயிலை மறைத்தால், செடிகள் வாடும்.

1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது, தொலைவில் சென்னைக் கடலிலும் இந்தப் பெருக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள்.

அரியலூர்க் கடலிலும் இத்தகைய செடிகள் மிதந்தன. பெரம்பலூர் மாவட்டம் காரையின் களிமண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், அவற்றின் சுண்ணாம்புச் சில்லுகள் தெரியும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லிலோ, அந்தக் காலப் புயல்கள் வாரிக் குவித்த சிப்பி அடுக்குகள் இருக்கின்றன. பிளான்போர்டு நடந்தது இவற்றின் மேல்தான்.

1889-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1893-ல் இங்கிலாந்தின் போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அந்த ஊரை அடுத்துக் கடலோரமாக நிற்கும் வெள்ளைப் பாறைகளும் அதே வகை நுண்செடிகளின் சில்லுகளால் ஆனவை.