கான்சாகிபு யூசுப்கான்

1192-இல் எருசலேமைக் காத்த குர்தியராகிய சலாவுதீனின் பாளையத்தில், குர்தியரும் துருக்கியரும் ஒருவர்க்கொருவர் கீழ்ப்படியார் என்னும் அச்சம் எழுந்தது. அத்தகைய பிரிவினை நம் மதுரைக் கோட்டையுள்ளும் புகுந்த வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

இராமநாதபுரச் சீமைப் பனையூரிற் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய யூசுப்கான், கும்பினிப் படையிற் சேர்ந்து, பிரெஞ்சியரைப் பொருது புகழெய்தினார். 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் அதிகாரம் பெற்றுச் செவ்வனே ஆண்டார். 1763-இல் ஆர்க்காட்டு நபாபின் மேலாண்மையை உதறினார். நபாபும் கும்பினியாரும் கூடி மதுரையை முற்றுகையிட்டனர். இந்துக்களும் முஸ்லிம்களும் பிரெஞ்சுக் கிறிஸ்தவர்களும் ஓரணியாய் நின்று முதல் முற்றுகையை முறியடித்தனர்.

1764-இல் மீண்டும் முற்றுகை நேர்ந்தது. உணவு குன்றவே மனங்களும் பிரிந்தன. திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ஷான், பாபா சாகிபு ஆகியோர், அக்டோபர் 13-ஆம் நாள், தம் தலைவரைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

காத்தோரிலும் மூன்று சமயத்தார். காட்டிக்கொடுத்தோரிலும் மூன்று சமயத்தார். ஆதலின் அவர்களைப் பிரித்தது சமயமன்று. பசியும் அச்சமுமே எனத் துணிகின்றோம்.

எம் அனுமந்தன்பட்டிக்கு வடக்கேயுள்ள பெரியகுளத்தில் அவர்தம் கால் ஒன்று அடக்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. அவ்வூரைக் கடக்குந்தோறும், கிறிஸ்தவராகிய எமக்கு மார்ஷானின் பெயரே முதற்கண் நாணந் தருகின்றது.