செவிலியரைக் காத்த செவிலி

கையில் விளக்கேந்தி நள்ளிரவில் நோயாளர் கட்டில்தோறும் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படியாதவர் அரியர். ஆயினும், பிணியாளரைப் பேணுவோரையும் பேணல் வேண்டும் என்று அவர் பாடுபட்ட வரலாறு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அதனையே ஈண்டு அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. செவிலித் தொழில் இழிவாக எண்ணப்பட்ட காலம் அது. குடும்பத்தார் தடுத்தும் உறுதி தளராது, 1851இல் ஜெர்மானிய நாட்டுக் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பர் 4ஆம் நாள், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி படை மருத்துவமனையை அடைந்தார். அவர்கள் தங்குவதற்கு எலிகள் திரியும் ஈரம் படிந்த சில அறைகளே கிடைத்தன. போரில் பட்ட காயத்தினும் வாந்திபேதியும் காய்ச்சலுமே அங்கு மிகுதியான உயிர்களைக் கொண்டன. மருந்தூட்டிய கைகளையும் நோய் விடவில்லை. செவிலியருள் சிலர் அங்கேயே மாண்டனர். 1855 மே மாதம் பாலகிளாவா சென்ற அம்மையாரும் கடுங்காய்ச்சலில் விழுந்து உயிர் தப்பினார். அதன்பின் அவர் உடல்நலம் முன்போல் திரும்பவே இல்லை.

1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு ஜூன் மாதத்தில் 2 ஆகக் குறைந்தது. இடையில் நிகழ்ந்தது யாது? அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் மார்ச்சில் வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைத் துப்புரவு செய்தனர். நாடு திரும்பியபின் இக்கணக்குகளை ஆராய்ந்த அம்மையார், தொண்டுள்ளம் மட்டும் உயிரைக் காவாது, காற்றும் நீரும் இடமும் தூயனவாதல் வேண்டும் என்று தெளிந்தார்.

மக்கள் நன்றியுடன் திரட்டிய நிதி ஏறத்தாழ 45,000 பவுன். அதனைக் கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தோர் 15 பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை, உணவு, உடை, ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகை! இழிதொழில் என்றதை மதிப்புடைய தொழிலாக்கியது இவ்வேற்பாடே.

அங்குப் பயின்றவருள் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை, 1865இல் லிவர்பூல் ஏழையர் விடுதி மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைத் தாங்கி இராப்பகலாக உழைத்தவர், 1868இல் டைபஸ் காய்ச்சலால் 35 வயதில் மறைந்தார். அவரைப் புகழ்ந்து எழுதிய அம்மையார், அவர் அளவு கடந்து உழைத்தார் என்பதையும் மறைக்கவில்லை.

1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்விருதைப் பெற்ற முதற்பெண் அம்மையாரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், 90ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவருடைய இருநூறாம் ஆண்டான 2020ஐ உலகச் சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டே கொரோனா உலகைச் சூழ்ந்தது. மார்ச் 22 அன்று நாடெங்கும் தட்டு ஒலித்தும் கைதட்டியும் நன்றி கூறினோம். அந்நாட்களிலேயே, நோய் ஒட்டிவிடுமோ என்றஞ்சி, செவிலியரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னோரும் இருந்தனர். கைதட்டல் செவிக்கு இனிது. ஆனால் களைத்து வருபவருக்கு வேண்டுவது கதவு திறக்கும் ஒரு வீடன்றோ?

இரயில்வேயில் வண்டி ஓட்டி வந்தவருக்கு ரன்னிங் ரூமில் உணவும் உறக்கமும் உண்டு. உறங்காத கண்ணை நம்பி வண்டியை விடுவதில்லை. உயிரையே ஒப்படைக்கும் செவிலியருக்கு அந்த ஓய்வைத் தருதல் சலுகையாகாது, கடமையாகும். அண்டை வீட்டுச் செவிலிக்கு ஒருவேளை உணவு அளிப்பதும், அவர் பகலில் உறங்கும்போது அமைதி காப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. அம்மையார் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாளாகும். அன்று மட்டுமின்றி என்றும் அதனைச் செய்வோமாக!