முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார், 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய தொண்டு தனியே பேசத் தக்கது.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் வருந்தி மாண்டார். கற்ற மருத்துவம் அன்று கைகொடுக்கவில்லை. அத்துயரம் அம்மையார் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. புற்றுநோயாளர்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எப்படியும் இறப்பவர்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் உண்டு. இறக்கும் உயிருக்கு நோவு இல்லையா? அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொதுமக்களிடம் நிதி திரட்டினார். மக்கள் ஈந்த பொருள் கட்டிலாயிற்று, மருந்தாயிற்று. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே நோயாளரைப் பேணினார். பொருள் கொடுக்க இயலாத ஏழையரும் அங்கே இடம் பெற்றனர்.