புலவன் மனமும் ஆறாம் இலக்கணமும்: வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் வாழ்வை முன்வைத்து

தமிழிலக்கணம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாக விரிந்தது. இவ்வைந்தும் மொழியாலான ஆக்கத்தை ஆராய்வன. நன்னூற் பாயிரம் ஆசிரியர், மாணாக்கர் இயல்பினைக் கூறினும் அது நூலுக்கு வாயிலாகவே நின்றது. ஆக்குவோன் மனத்தையும் இலக்கணத்திற்கு உரிய பொருளாக்கியவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். அதன் பின்புலத்தை அவர்தம் வாழ்வில் இக்கட்டுரை தேடுகிறது.

சுவாமிகள் 1839 நவம்பர் 28 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரலிங்கம். இளமையில் தந்தையை இழந்து சுரண்டையில் வளர்ந்த அவர், எட்டாம் அகவையிலேயே பாடத் தொடங்கினார். அருணகிரிநாதரைக் குருவாகப் போற்றி, முருகதாசர் எனவும் திருப்புகழ்ச் சுவாமிகள் எனவும் பெயர் பெற்றுத் தலந்தோறும் சென்று பாடினார். பின்னர், அக்காலத் தென்னார்க்காடு மாவட்டத்தில் விழுப்புரத்தை அடுத்துள்ள திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவினார். கண் இழந்த ஒருவரும் கால் இழந்த ஒருவருமாகிய இரட்டைப்புலவர் கலம்பகம் பாடிய தலம் அது. இருவர் மனம் ஒரு செய்யுளில் இயைந்த மரபு அவ்வூருக்கு முன்னரே உண்டு.

சுவாமிகளின் தனித்திறம் வண்ணம். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் எட்டுச் சந்தங்களை அவரது வண்ணத்தியல்பு வகுத்துரைக்கிறது. வண்ணத்தில் குறில் நெடிலோடு வல்லினம், மெல்லினம், இடையினம் ஆகியவற்றின் இடமும் பிறழலாகாது. ஆகவே, பாடுவோன் இனி வரும் ஓசையை நினைவில் நிறுத்திக்கொண்டே பொருளுக்கேற்ற சொல்லைத் தேர்தல் வேண்டும். இன்றைய உளவியலார் செயல்நினைவு எனவும் கவனம் எனவும் பகுத்துரைக்கும் இரு திறன்களும் இங்கு ஒருங்கே தொழிற்படுகின்றன.

மேலைநாட்டில் மொழியின் இருப்பிடத்தை மூளையில் தேடிய காலமும் அதுவே. 1861இல் பிரோக்கா பேச்சிழப்பை மூளையின் இடப்பக்க முன்மடலோடு தொடர்புபடுத்தினார்; 1874இல் வெர்னிக்கே பொருளுணர்வின் சிதைவைப் பொட்டுமடலோடு தொடர்புபடுத்தினார். அவர்கள் மொழித்திறனை அதன் இழப்பின் வழியே அறிய முயன்றனர்; சுவாமிகளோ அதன் நிறைவின் வழியே அறிய முயன்றார். இவ்விரு முயற்சிகளுக்கும் நேர்த்தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. எனினும், வினா ஒன்றையொன்று நெருங்கி நிற்பது கருதத்தக்கது.

சுவாமிகள் இலட்சம் பாடல்கள் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. முருகனை நேரிற் காணும் வேட்கை நிறைவேறாத துயரில் அவற்றுள் பெரும்பகுதியைத் தாமே அழித்தார் என்றும் கூறுவர். சொல் குறைவின்றிப் பெருகியும், நாடிய மெய்யுணர்வு கைகூடாத நிலை அது. அறுவகை இலக்கணத்தில் புலமையை ஆறாவதாக வைத்த அவர், அதில் புலவன் தெளிவு பெறுதலையும் தவறுதலையும், அவனுக்குரிய மரபையும் செயல்முறையையும் உரைத்தார். பின்னர் ஏழாம் இலக்கணத்தில் தவத்தை வைத்தார். மொழித்திறன் மட்டுமே உணர்வின் முழுமை ஆகாது என்னும் பட்டறிவே இவ்வரிசைக்கு அடிப்படை எனக் கருத இடமுண்டு.

1898 சூலை 5 அன்று திருவாமாத்தூரில் அவர் மறைந்தார். புலமை இலக்கணத்தைப் பிற்கால மிகை என ஒதுக்குவது எளிது. ஆயின், மொழியை அதனைப் பயிலும் மனத்திலிருந்து பிரித்து முழுமையாக விளக்க இயலுமா என்னும் அவரது வினா, தமிழிலக்கண ஆய்வில் இன்னும் விடை வேண்டி நிற்கிறது.